ப்ரீகால்குலஸோடு விண்ணப்பிக்கப் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

பதினேழு வயசாகுது, இன்னும் பாப்பாவா என்று நீ முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது. பெயரைப் போடக் கூடாது என்று நீதானே சொன்னாய், அப்புறம் வேறு எப்படிக் கூப்பிட. பதிலை வாட்ஸ்அப்பில்தான் தட்ட ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியை இந்த வருஷம் இன்னும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். அக்காவும் படிக்கட்டும். முக்கியமாக உங்கப்பா படிக்கட்டும்.

நீ இரண்டு படம் அனுப்பியிருந்தாய். ஒன்று உன் அல்ஜீப்ரா 2 டெஸ்ட் பேப்பர், 71 மார்க். இன்னொன்று அத்தான் போட்ட எக்ஸெல் ஷீட். தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக இருக்கிறார்கள், யார் எந்த வகுப்பில் எந்தக் கணக்கு என்று. ஒரு பையன் பத்தாம் வகுப்பிலேயே கால்குலஸ் பிசி (பள்ளிக் கால்குலஸ் பாடங்கள் இரண்டில் பெரியது) முடித்துவிட்டான். கடைசி வரியில் நீ: பதினொன்றாவது, அல்ஜீப்ரா 2, மஞ்சள் கலர் அடித்து. கீழே உன் ஒரு வரி, "சித்தி, கால்குலஸ் இல்லாம நல்ல காலேஜ் எதுவும் கிடைக்காதா?"

கிடைக்கும். சில இடங்கள் கிடைக்காது. அந்தச் சில எவை என்பது நீ என்ன படிக்கப் போகிறாய் என்பதைப் பொறுத்தது, அதனால்தான் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

முதலில் நீ எப்படி இந்த வரிசைக்கு வந்தாய் என்று பார். ஒன்பதில் அல்ஜீப்ரா 1, பத்தில் ஜியாமெட்ரி, பதினொன்றில் அல்ஜீப்ரா 2, பன்னிரண்டில் ப்ரீகால்குலஸ். இது பின்தங்கிய பாதை கிடையாது, அமெரிக்காவில் ரொம்பக் காலமாக இதுதான் சாதாரணப் பாதை. கால்குலஸுக்குப் பன்னிரண்டுக்குள் போக வேண்டுமென்றால் வழக்கமாக எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்திருக்க வேண்டும், அதற்கான தேர்வு பல ஊர்களில் ஆறிலோ ஏழிலோ நடந்துவிடும். ஏழாவது நடுவில் நீங்கள் டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்தீர்கள். புதுப் பள்ளியில் அந்தத் தேர்வு முடிந்துபோயிருந்தது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள், அடுத்த வருஷம் யாரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான் கதை. பன்னிரண்டு வயதில் ஒரு மார்ச் மாதம் நீ எந்த ஊரில் இருந்தாய் என்பதுதான் இன்று அந்த மஞ்சள் கலர். நீ மட்டுமில்லை, சான் ஃபிரான்சிஸ்கோவில் 2014இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவையே எடுத்துவிட்டார்கள், பத்து வருஷம் பெற்றோர் சண்டை போட்டு 2024இல்தான் திரும்பக் கொண்டுவர முடிவானது. அந்தப் பத்து வருஷப் பிள்ளைகளும் காலேஜுக்கு விண்ணப்பித்தவர்கள்தானே.

சரி, இப்போது காலேஜ்காரர்கள் பக்கம் வருவோம்.

உன் விண்ணப்பத்தைப் படிக்கிறவர் கையில் உன் மார்க் ஷீட் மட்டும் இருக்காது. காமன் ஆப் (பல காலேஜ்களுக்கு ஒரே விண்ணப்பம் போடும் தளம்) வழியாகப் போனால் உங்கள் பள்ளியில் மேற்படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சிலர் ஸ்கூல் ப்ரொஃபைல் என்று ஒரு தாள் அனுப்புவார். உங்கள் பள்ளியில் என்னென்ன ஏபி (கல்லூரித் தரத்துப் பாடங்கள்) உண்டு, மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். அதோடு கவுன்சிலர் ஒரு படிவத்தில் டிக் அடிக்க வேண்டும், இந்த மாணவி எடுத்த பாடங்கள் உங்கள் பள்ளியில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவு கடினமானவை என்று. 'மிகக் கடினம்' என்பதில் ஆரம்பித்துக் கீழே இறங்கும் வரிசை அது. ஒப்பீடு உன் பள்ளிக்குள்தான், அத்தானின் எக்ஸெல் ஷீட்டுக்குள் கிடையாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏறக்குறைய பாதியில் கால்குலஸ் பாடமே இல்லை, அங்கே ப்ரீகால்குலஸ் முடித்த பிள்ளை பள்ளி கொடுத்த அத்தனையையும் முடித்த பிள்ளை.

ஆனால் உன்னிடம் மழுப்ப மாட்டேன். உங்கள் பள்ளியில் பிசி வரை இருக்கிறது, படிக்கிறவருக்கு அது தெரியும். "இருந்தும் ஏன் எடுக்கவில்லை" என்று ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடிக்கு நீ பதில் வைத்திருக்க வேண்டும். பதில் உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, மேலே நான் எழுதிய ஊர் மாறின கதைதான்.

அதை எங்கே எழுதுவது என்பதில்தான் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். 650 வார்த்தை முதன்மைக் கட்டுரையை இதற்குச் செலவழிக்காதே, கெஞ்சிக் கேட்கிறேன். 'கணக்கு என்னைக் கைவிட்டது, நான் எழுந்து நின்றேன்' வகைக் கட்டுரை எனக்கு வருஷத்துக்கு நாலு வருகிறது, படித்துப் பார்க்கச் சொல்லி. நாலும் ஒன்றுபோலவே இருக்கும். காமன் ஆப்பில் கூடுதல் தகவல் என்று ஒரு பெட்டி உண்டு, இப்போது 300 வார்த்தையாகச் சுருக்கிவிட்டார்கள், உனக்கு அதில் அறுபது போதும். ஏழாம் வகுப்பின் நடுவில் மாநிலம் மாறினோம், அந்த வருஷத்துக் கணிதத் தேர்வு முடிந்திருந்தது, அதனால் அல்ஜீப்ரா 1 ஒன்பதில் தொடங்கியது, அதன் பிறகு இன்ன இன்ன செய்தேன். முற்றுப்புள்ளி. வருத்தம் வேண்டாம், யார் மேலும் குறை வேண்டாம். இதையே கவுன்சிலர் தன் கடிதத்தில் இரண்டு வரி எழுதினால் இன்னும் நல்லது, நீ சொல்வது சாக்காகக் கேட்கும், அவர் சொன்னால் தகவலாகக் கேட்கும். அவரிடம் மே மாதத்திலேயே போய்ச் சொல். அக்டோபரில் போனால் அவருக்கு நானூறு பிள்ளைகள், உன் ஏழாம் வகுப்பு யாருக்கு ஞாபகம் இருக்கும்.

யூசிக்களுக்கு, அதாவது யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா வளாகங்களுக்கு, விதி வேறு. அங்கே பொதுவாக கவுன்சிலர் கடிதம் கேட்பதில்லை, எஸ்ஏடி என்ற காலேஜ் சேர்க்கைத் தேர்வின் மார்க்கைக் கொடுத்தாலும் பார்க்க மாட்டார்கள். கணக்கில் மூன்று வருஷம் கட்டாயம், நான்கு வருஷம் இருந்தால் நல்லது என்பார்கள், அந்த நான்கு உனக்கு வந்துவிடும். உன் பள்ளியில் கிடைத்த வாய்ப்புக்குள் நீ என்ன செய்தாய் என்பதும் அவர்கள் பார்க்கும் விஷயங்களில் ஒன்று. விண்ணப்பத்திலேயே படிப்பு விவரம் பற்றிக் கூடுதலாகச் சொல்ல இடம் இருக்கிறது, அந்த அறுபது வார்த்தையை அங்கே போடு. நவம்பர் கடைசி வரை நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருக்காதே.

இப்போது பெரிய பெயர்கள். அத்தானுக்குத் தூக்கம் கெடுவது இவற்றால்தானே.

ஹார்வர்டு தன் சேர்க்கைப் பக்கத்திலேயே கால்குலஸ் கட்டாயமில்லை, அதற்கென்று தனி முன்னுரிமையும் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. 2024இல் அடிப்படை அல்ஜீப்ராவுக்குக் கூடுதல் உதவியோடு வாரம் ஐந்து நாள் நடக்கும் ஒரு முதலாண்டுக் கணக்கு வகுப்பையும் ஆரம்பித்தார்கள், ஆக உள்ளே போகிற எல்லாரும் கணக்குப் புலிகள் என்று நினைக்காதே. அதே சமயம் அந்த மாதிரி இடங்களில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் கால்குலஸ் படித்தவர்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே மனசில் வைத்துக்கொள், ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் ஏமாற்றமோ பயமோ வரும்.

எம்ஐடி, கால்டெக் என்ற அறிவியல்-தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் இரண்டும் வேறு ரகம். எம்ஐடியில் நீ இலக்கியம் படிக்கப் போனாலும் பெரும்பாலும் முதல் வருஷத்திலேயே கால்குலஸ் இரண்டு செமஸ்டர், கால்குலஸ் வைத்து நடத்தும் பிசிக்ஸ் இரண்டு செமஸ்டர். தப்பிக்க வழியில்லை. அங்கே கணக்கைப் பற்றிக் கேட்பது அந்தஸ்துக்காக இல்லை, முதல் மாதமே பிள்ளை மூழ்கிவிடக் கூடாது என்பதற்காக. 2022இல் அவர்கள் எஸ்ஏடியைத் திரும்பக் கொண்டுவந்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, பள்ளியில் பெரிய பாடங்கள் கிடைக்காத பிள்ளைகள் தங்கள் தயார்நிலையைக் காட்ட அது ஒரு வழி என்பது. கால்டெக் 2023இல் இன்னொரு கதவைத் திறந்தது: பள்ளியில் கால்குலஸ் கிடைக்காதவர்கள் கான் அகாடமியில் படித்து, ஸ்கூல்ஹவுஸ் என்ற இலவசத் தளத்தில் தேர்ச்சிச் சான்று வாங்கிக் காட்டலாம். அது கிடைக்காதவர்களுக்கு வைத்த கதவு, உன் பள்ளியில் கிடைக்கிறது, அதனால் உனக்கு அப்படியே பொருந்துமா என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள். எனக்கென்னவோ நீ கால்டெக்குக்கு ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அது எக்ஸெல் ஷீட்டின் ஆசை.

உனக்குச் சுற்றுச்சூழல் அறிவியல் வேண்டும். போன வருஷம் கடற்கரையில் மூன்று மணி நேரம் குனிந்து குனிந்து பிளாஸ்டிக் துணுக்குகளை எண்ணி நோட்டில் எழுதினாயே, அதுதான் நீ. அந்தப் படிப்புக்கும் கால்குலஸ் வேண்டும், ஆனால் காலேஜில் போய்ப் படிக்கலாம், அதைவிட அதிகமாக ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வேண்டும். அல்ஜீப்ரா 2 முடித்தவர்கள் ஏபி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கலாம். பன்னிரண்டில் ப்ரீகால்குலஸும் அதுவும் சேர்த்து இரண்டு கணக்குப் பாடம் எடு. உங்கள் பள்ளியில் ஏபி ப்ரீகால்குலஸ் இருந்தால் அதையே எடு, 2023இல்தான் வந்தது, உன்னை மாதிரி வரிசையில் வருகிறவர்களுக்கும் ஏபி என்ற பெயரோடு ஒரு கணக்கு கிடைக்க அது பயன்படுகிறது. கணக்கில் பிந்தி ஆரம்பித்த ஒரு பெண் கடைசி வருஷத்தில் இரண்டு கணக்கை எடுத்தாள் என்று டிரான்ஸ்கிரிப்டே, அதாவது உன் மார்க் பட்டியலே, சொல்லிவிடும், நீ வாயைத் திறக்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று போட்டுவிடலாமே, சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று அத்தான் சொல்வார். வேண்டாம். பல இடங்களில் அந்தத் துறைக்குள் நுழைவதுதான் எல்லாவற்றிலும் இறுக்கமான போட்டி, கால்குலஸ் இல்லாதது முதலில் உறுத்துவதும் அங்கேயும் எஞ்சினியரிங்கிலும்தான். உனக்குப் பிடிக்காத வரிசையின் கடைசியில் போய் எதற்கு நிற்க வேண்டும்.

கோடை விடுமுறைக்கு வருவோம். இது பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருஷப் பொதுக் கல்லூரி) கணக்கு நடத்தியே தலை நரைத்தவள் இல்லையா. உன் சிநேகிதி ஆறு வாரத்தில் ப்ரீகால்குலஸ் முடித்துவிட்டு நேரே ஏபி கால்குலஸில் போய் உட்காரப் போகிறாள், நானும் போகட்டுமா என்று கேட்டாய். பதினாறு வாரப் பாடத்தை ஆறு வாரத்தில் பிழிவது அது. திங்கள் ஒரு அத்தியாயம், புதன் இன்னொன்று, நடுவில் ஜலதோஷம் பிடித்தால் டிரிகோனோமெட்ரியில் பாதி போச்சு. அதோடு அங்கே வாங்கும் மார்க் காலேஜ் மார்க், உன் நிரந்தரக் காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் ஏறிவிடும், பின்னாடி மறைக்க முடியாது. அல்ஜீப்ரா 2 பளிச்சென்று இருக்கிற பிள்ளைக்கு அது நல்ல குறுக்குவழி. மற்றவர்களுக்கு வழுக்குப் பாறை.

போன செமஸ்டர் நடந்ததைச் சொல்கிறேன். என் கால்குலஸ் 2 வகுப்பில் ஒரு பையன், பள்ளியிலேயே ஏபி கால்குலஸ் தேர்வு எழுதி அதில் உச்ச மார்க்கான 5 வாங்கியவன். கெட்டிக்காரன், இன்டெக்ரல் போர்டில் ஏறினால் கை நிற்காது. ஒரு வளைவின் நீளம் கண்டுபிடிக்கிற கணக்கு, நடுவில் 9 கூட்டல் 16க்கு வர்க்கமூலம் வந்தது. 9க்குத் தனியாக 3, 16க்குத் தனியாக 4, ஆக 7 என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டான். 25க்கு மூலம் 5 என்பது அவனுக்குத் தெரியாதா என்ன, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஆனால் கூட்டலுக்குள் மூலத்தைப் பிரித்து அனுப்பக் கூடாது என்பது கையில் ஊறவில்லை, ஓடின ஓட்டத்தில் அந்த இடத்தில் நிற்கவே இல்லை. இப்படி ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறேன். கால்குலஸில் தோற்கிற என் பிள்ளைகளில் பாதிப் பேர் கால்குலஸால் தோற்பதில்லை, அல்ஜீப்ராவில்தான் தோற்கிறார்கள். கணித ஆசிரியர்களின் பெரிய சங்கங்கள் இரண்டு சேர்ந்து 2012லேயே ஒரு அறிக்கை விட்டன, பன்னிரண்டுக்குள் எப்படியாவது கால்குலஸை முடிப்பது பள்ளிக் கணக்கின் குறிக்கோளாக இருக்கக் கூடாது, அடித்தளம்தான் குறிக்கோள் என்று. யார் கேட்டார்கள்.

இப்போது உன் 71 மார்க் பேப்பர். ஏழாவது கணக்கில் நீ செய்ததும் அதே தப்புதான் தெரியுமா? லாக் 2ஐயும் லாக் 3ஐயும் கூட்டி லாக் 5 என்று எழுதியிருக்கிறாய். உன் வாத்தியார் சிவப்பில் ஒரு கோடு போட்டுப் பூஜ்யம் கொடுத்துவிட்டார், சரிதான். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஓரத்தில் பென்சிலில் குட்டியாக 0.30, அதன் கீழே 0.48, கூட்டி 0.78. பக்கத்தில் 0.70 என்று எழுதி ஒரு கேள்விக்குறி. விடையைப் போட்ட பிறகு சந்தேகம் வந்து கால்குலேட்டரில் தட்டிப் பார்த்திருக்கிறாய், ஒத்துவரவில்லை, அதற்குள் மணி அடித்துவிட்டது போல. அந்தப் பையன் இப்படி ஓரத்தில் எதையும் எழுதவில்லை.

ஆகையால் இந்தக் கோடைக்கு என் யோசனை: ஜூன் முழுக்க அல்ஜீப்ரா 2ஐத் திரும்பப் போடு, குறிப்பாக லாகரிதம், பின்னங்கள், மூலங்கள். அப்படியே எஸ்ஏடிக்கும் ஆகிவிடும், அதில் கணக்கு 70 நிமிஷம், 44 கேள்வி, கால்குலஸ் ஒன்றுகூடக் கிடையாது, பெரும்பகுதி அல்ஜீப்ராதான், டெஸ்மாஸ் கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும். எஸ்ஏடி கேட்கிற இடங்களில் நல்ல கணக்கு மார்க் ஒன்று இருந்தால் 'கால்குலஸ் எடுக்கவில்லை, ஆனால் கணக்கு வரும்' என்று அது தனியாகச் சொல்லும். கால்குலஸைத் தொட்டே ஆக வேண்டும் என்று உனக்கு ஆசை இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. பன்னிரண்டில் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை கம்யூனிட்டி காலேஜில் ப்ரீகால்குலஸ், ஜனவரியிலிருந்து கால்குலஸ் 1. முழு செமஸ்டர், மூச்சு விட நேரம் இருக்கும், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுவாக அங்கே கட்டணமும் வாங்குவதில்லை. விண்ணப்பத்தில் 'வசந்த காலத்தில் கால்குலஸ்' என்று முன்கூட்டியே போட்டுவிடலாம், போட்டால் எடுத்தாக வேண்டும், நடுவில் கைவிட்டால் காலேஜுக்குத் தெரிவிக்க வேண்டிவரும், இதை மறக்காதே. உங்கள் பக்கத்துக் காலேஜில் ப்ரீகால்குலஸ் இன்னும் நடக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள், 2022இல் வந்த ஏபி 1705 என்ற கலிஃபோர்னியாச் சட்டத்துக்குப் பிறகு (இந்த ஏபி வேறு) எங்கள் காலேஜ்கள் பிள்ளைகளை நேரே கால்குலஸில் உட்காரவைக்கும் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.

ராமானுஜன் எஃப்ஏ என்ற அந்தக் காலத்துக் காலேஜ் பரீட்சையில் தோற்ற கதையை யாராவது உனக்கு ஆறுதலாகச் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. அவர் கணக்கில் மூழ்கி மற்ற பாடத்தில் தோற்றவர், உன் கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

காலேஜ் பட்டியல் போடும்போது ராங்க் பார்க்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடு. ஒவ்வொரு காலேஜும் உன் மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) நான்கு வருஷ மாதிரித் திட்டம் ஒன்று தன் தளத்தில் போட்டிருக்கும். முதல் செமஸ்டரில் என்ன கணக்கு இருக்கிறது என்று பார். கால்குலஸ் 1 என்று இருந்தால் ப்ரீகால்குலஸ் முடித்து வருகிறவளுக்கு அதுதான் சரியான வாசல், நீ எதிலும் பிந்தவில்லை. அதற்கு மேலே இருந்து ஆரம்பிக்கிறார்கள் என்றால் அங்கேதான் கவனம் வேண்டும். எஞ்சினியரிங்கில் கால்குலஸ் 1 முடித்தால்தான் 2, அதற்குப் பிறகுதான் பல மாறிகளின் கால்குலஸ், டிஃபரென்ஷியல் ஈக்வேஷன், அதோடு சேர்ந்துதான் பிசிக்ஸ். சங்கிலியில் ஒரு கண்ணி தள்ளிப்போனால் கடைசியில் ஒரு செமஸ்டர் கூடும், அதற்கு ஒரு செமஸ்டர் ஃபீஸும் கூடும். சுற்றுச்சூழல் அறிவியலில் சங்கிலி இவ்வளவு நீளமில்லை. சந்தேகம் இருந்தால் அந்தத் துறைக்கே ஒரு மெயில் போடு, "நான் கால்குலஸ் 1இல் தொடங்கினால் நான்கு வருஷத்தில் முடிக்க முடியுமா" என்று. பதில் எப்படி வருகிறது என்பதிலேயே அந்த இடத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று, இது அத்தானுக்கு. என் காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு யூசிக்கு மாறிப்போன பிள்ளைகள் எத்தனையோ பேர். டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா உட்பட ஆறு யூசிக்கள், கம்யூனிட்டி காலேஜில் குறிப்பிட்ட பாடங்களைக் குறிப்பிட்ட மார்க்கோடு முடித்தால் இடம் உறுதி என்று எழுதியே கொடுக்கின்றன, எல்லா மேஜருக்கும் இல்லை, ஆனால் பலவற்றுக்கு. கல்யாண வீட்டில் 'பொண்ணு எங்கே படிக்குது' என்று கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும் என்பீர்கள். கேட்கிறவர் ஃபீஸ் கட்டப் போவதில்லை அத்தான்.

சரி பாப்பா, கை வலிக்கிறது. அடுத்த வாரத்துக்குள் கவுன்சிலரிடம் நேரம் வாங்கு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடப் பதிவு முடிவதற்குள் அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸைச் சேர்த்துவிடு. சனிக்கிழமை காலை வீடியோவில் வருகிறேன், அந்த டெஸ்ட் பேப்பரை எடுத்து வை, ஓரத்தில் எழுதினதை அழித்துவிடாதே. 0.78 எந்த எண்ணின் லாக் என்று அதற்குள் கண்டுபிடித்துவை.

அன்புடன்,
சித்தி